லீவுக்கு ஊருக்குப் போனால் எழுதி வா!

செய்யூர் என்று சொன்னால் ‘செய்யாறா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. செய்யூர், மதுராந்தகத்துக்குக் கிழக்கே, உப்பளங்கள் உள்ள கடலோரத்து ஊர். செய்யாறு, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றுக்கு அந்தப் பக்கம். சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் கிராம ஆய்வைத் தொடங்கியபோது, செய்யாறு பக்கத்து தூசி கிராமத்துக்கு அதில் இடம் கிடைத்தது. செய்யூர் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அந்த மாதிரிப் படிப்பு பிற்பாடு வேறு ரூபத்தில் வந்தது. அந்தக் கதைக்கு வருவதற்குமுன் 1915-க்கு ஒரு நடை போய் வரலாம், வாருங்கள்.

அந்த வருஷக் கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைக்கு வந்தார். தொழிலாளர்கள் படிப்பதற்காக ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் அவர்தான். பதவியின் பெயரில் ‘இந்திய’ என்று இருந்ததே தவிர, பாடப் புத்தகங்கள் எல்லாம் சீமையிலிருந்து வந்தவை. மனுஷர் யோசித்தார். மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தார். ‘லீவுக்கு உன் ஊருக்குத்தானே போகிறாய்? நிலம் யார் கையில் இருக்கிறது, என்ன பயிர், என்ன கூலி, எவ்வளவு கடன், வீட்டில் என்ன சாப்பாடு, எல்லாவற்றையும் விசாரித்து எழுதிக்கொண்டு வா.’ ஏறக்குறைய இதுதான் அவர் சொன்னது.

நானும் பி.காம். படித்தவன்தான். மூன்று வருஷம் பற்று-வரவு எழுதினேன். எல்லாம் உலகத்திலேயே இல்லாத வியாபாரிகளின் கணக்கு. ‘தெருமுனை மளிகைக்கடையின் நோட்டைப் பார்த்துவிட்டு வா’ என்று என்னை யாரும் அனுப்பவில்லை. அதனால் ஸ்லேட்டரின் பையன்கள்மீது எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

அவர்கள் எழுதி வந்தவை 1918-இல் ஆங்கிலத்தில் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற புத்தகமாக வந்தன. திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சாவூரின் பாலக்குறிச்சி, தென்னாற்காட்டின் இருவேல்பட்டு எல்லாம் அதில் உண்டு. விழுப்புரத்தைத் தாண்டித் திருச்சி நெடுஞ்சாலையில் போனால் வருகிற அதே இருவேல்பட்டுதான்.

இருவேல்பட்டுப் பகுதியைப் படித்தால் உங்களுக்குத் தூக்கம் வராது. அங்கே படியாள்கள் இருந்தார்கள். கல்யாணத்துக்கோ காட்சிக்கோ ஒரு சின்னத் தொகை கடன் வாங்குவார் ஒருவர். அது திரும்ப அடைபடுகிற கடன் இல்லை. அப்பன் போனால் பிள்ளை தலையில், பிள்ளைக்குப்பின் பேரன் தலையில். மிராசுதார் நிலத்தை விற்றாலோ செத்துப்போனாலோ, நிலத்தோடு சேர்த்துப் படியாளும் புது எஜமானிடம் போவார். இந்தியாவில் அடிமை முறை சட்டப்படி செல்லாது என்று 1843-லேயே ஆகிவிட்டது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வருஷத்துக்குமேல் கழித்து ஒரு கல்லூரி மாணவனின் வீட்டுப்பாடம் இதைப் பதிவு செய்கிறது.

ஆனால் ஒரு சங்கடம். 1916-இல் கல்லூரிக்குப் போகிற பையன் எந்த வீட்டுப் பையன்? பெரும்பாலும் நிலம் உள்ள வீடு, மேல்சாதி வீடு. சேரிக்குள் போய் உட்கார்ந்து அவன் பேசியிருப்பானா? திண்ணையில் கிடைத்த பதில்தான் அதிகம் இருந்திருக்கும். அப்படி இருந்தும் படியாளை மறைக்காமல் எழுதினார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சேரியிலிருந்து கேட்கிற வேலை செங்கல்பட்டில் நடந்தது. 1960-களில் ஜோன் மெஞ்சர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஆய்வு செய்ய ஆரம்பித்தார். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்காரர். அதுவும் அரசுப் பணத்தில் நடக்கிற பல்கலைக்கழகம்தான். 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘சாதியைப் பற்றி எழுதிய அறிஞர்கள் மேலே இருப்பவர்களைக் கேட்டுத்தான் எழுதினார்கள், கீழே இருப்பவர்களைக் கேட்டால், பூர்வஜென்ம வினை என்ற விளக்கத்தை அவர்கள் அப்படியே விழுங்கவில்லை, இது தங்கள் உழைப்பைச் சுரண்டுகிற ஏற்பாடு என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்’ என்பது அதன் சாரம். கட்டுரையின் தலைப்பே ‘தலைகீழாகச் சாதி அமைப்பு’ என்கிற மாதிரி இருக்கும். சில பேராசிரியர்களுக்குக் கோபம் வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்கிடையில் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. பழைய கிராமங்களை மறக்கவில்லை. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37-இல் அதே ஊர்களை மறுபடி ஆராய வைத்து, 1940-இல் புத்தகமாக்கினார்கள். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் முறை. மாநில நிதித்துறைச் செயலாளராக இருந்த எஸ். குகன் அங்கே ஆய்வாளராக இருந்தார். இருவேல்பட்டு பற்றி 1983-இல் வந்த கட்டுரையில் அவருடன் கையெழுத்திட்டவர் யார் தெரியுமா? நம் செங்கல்பட்டு மெஞ்சர்தான்! திண்ணையில் கேட்டவர்கள் விட்டுப்போன ஊருக்கு, சேரியில் கேட்டுப் பழகியவர் போய்ச் சேர்ந்தார்.

2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் அங்கே மறுபடி போனார்கள். படியாள் முறை ஒழிந்திருந்தது. பழைய பெரிய குடும்பங்களின் பிடி தளர்ந்திருந்தது. வெளியூர் வேலை, வெளியூர்ச் சம்பளம் வந்திருந்தது. நிலம் மட்டும் தலித் குடும்பங்களின் கைக்கு அவ்வளவாக வந்து சேரவில்லை. தொண்ணூறு வருஷத்தில் எது மாறியது, எது மாறவில்லை என்று ஒரு ஊரைப் பற்றி இத்தனை துல்லியமாகச் சொல்ல முடிகிறது என்றால், அந்தக் கேள்விப் பட்டியலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு லீவுக்கு ஊருக்குப் போன பையனுக்கும் அதில் பங்கு உண்டு.

இருவேல்பட்டு என்ற பெயரை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்குப் பிறகு, பார்வையிடப் போன அப்போதைய அமைச்சர் பொன்முடிமேல் சேற்றை வீசினார்களே, அந்த ஊர்தான். டி.வி.யில் சட்டையில் பட்ட சேற்றைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.