இறுப்பிட்டி: மேடும் கிணறும்

புங்குடுதீவின் ஊர்களில் ஒன்று இறுப்பிட்டி. 'பிட்டி' என்றால் மேட்டு நிலம். அதே தீவில் கழுதைப்பிட்டியும் இருக்கு. கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கிற தீவில் கொஞ்சம் உயர்ந்த தரையே பெரிய விசயம். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கட நகரங்களின் பெயர்களை எங்கட தீவுகளுக்கு வைத்தார்கள். நயினாதீவு ஹார்லம், புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்ஃப்ற். நெடுந்தீவுக்கு அந்தப் பேர் இன்றும் உண்டு. மிடில்பேர்க் என்றால் ஊரில் யாருக்கும் விளங்காது. மண்ணைப் பார்த்து வைத்த பேர்தான் நிலைத்தது.

இங்கே ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்க்கும். அதனால் நல்ல தண்ணிக் கிணறு யாருடைய கையில் இருக்குதோ, ஊரும் அவருடைய கையில்தான்.

இந்த இடத்தில் சாதியைப் பேசாமல் தாண்ட முடியாது. 1971 இல் புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் தண்ணி அள்ள வேண்டும் என்று எழுத்தாளர் மு. தளையசிங்கம் போராடினார். பொலிஸ் அவரைத் தாக்கியது. 1973 இல், நாற்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார்.

வியாபாரத்துக்காகக் கொழும்புக்கும் தென்பகுதிக்கும் போய்வந்த தீவு இது. போனவர்கள் திரும்பி வருவார்கள். 1991 இல் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது அந்த வழக்கம் உடைந்தது. சனம் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும், பிறகு பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் சிதறியது. அந்த வெறுமையைச் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' கவிதைகளில் பதிந்து வைத்தார்.

பாரிசில் வாழும் எங்கட ஆக்களுக்கு ஒரு செய்தி. பிரான்சில் வெர்தனுக்குப் பக்கத்தில் ஃப்ளரி என்றொரு ஊர் இருந்தது. 1916 போரில் முழுதாக அழிந்தது. இன்று அங்கே ஒருவரும் குடியில்லை. ஆனாலும் சட்டப்படி அது ஒரு ஊர். அதற்கு ஒரு மேயரை அரசு நியமிக்கிறது. பள்ளிக்கூடம் எங்கே, வெதுப்பகம் எங்கே என்று நட்டு வைத்த அடையாளங்கள் சொல்லும்.

இறுப்பிட்டியில் இன்றும் சனம் இருக்கு. ஆனால் பூட்டிய வீடுகளுக்கும் தூர்ந்த கிணறுகளுக்கும் அப்படிக் கணக்கு வைக்க எந்த அரசும் வரப்போவதில்லை. அதை நாங்கள்தான் செய்ய வேண்டும். ஊர்மலர்களில் கோயில்களின் வரலாறும் பெரியவர்களின் படங்களும் நிறைய வருகின்றன. கிணறுகளின் கதை வருவது குறைவு.

அடுத்த முறை அப்பம்மாவோட கதைக்கேக்க இரண்டு கேள்வி கேளுங்கோ: எந்தக் கிணற்றில் தண்ணி அள்ளினீங்கள்? அந்தக் கிணற்றில் யாரை அள்ள விடேல்லை? இரண்டாவது பதிலையும் சேர்த்தே எழுதி வையுங்கோ.