ஆரணித் தறியும் அயல்தேசக் கல்வியும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில், பட்டுச் சேலையின் முந்தானையிலே மயிலும் மாங்காயும் மலர்வதற்கு முன், அவற்றைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அதற்கேற்ப அட்டைகளில் துளையிட்டுத் தறியின் உச்சியில் கோக்கிறார்களே, அந்த ஜக்கார்டு சாதனத்தின் ஜன்மஸ்தலம் பிரான்சு தேசத்து லியோன் நகரம். 1804ஆம் ஆண்டளவில் ஜோசப் மரி ஜக்கார் அங்கே அதைச் சித்தப்படுத்தினார். யந்திரம் கடல் கடந்து வந்தது. காலப்போக்கில் சித்திரம் பயிலும் வித்தியார்த்திகளும் கடல் கடந்தார்கள். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, பின்னர் பாரீசில் மேற்கல்வி பெற்றுத் திரும்பிய தசரத் படேல், 1961இல் அகமதாபாத்தில் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். ஆனால் குழித்தறியில் கால்மிதித்து, இழை அறுவதை விரல்நுனியாலேயே உணரும் ஆரணி நெசவாளியின் ஞானத்தை, பாரீசில் பெற்ற வித்தைக்கு எள்ளளவும் தாழ்ந்ததாக என் மனம் எண்ண மறுக்கிறது. அந்நிறுவனம் பிறப்பதற்கு முன்பே, நம் அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் அமெரிக்காவிலிருந்து வந்து தேசத்தைச் சுற்றிப்பார்த்த வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், 1958இல் சமர்ப்பித்த அறிக்கையிலே, தாங்கள் இங்கே கண்ட பொருள்களுள் தலைசிறந்த அழகுடையதென்று வியந்து போற்றியது, நம் வீடுகளில் தண்ணீர் மொள்ளும் சாதாரணச் செம்பை.