குதிரையைத் தொட யாருக்கு உரிமை?

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரை நொண்டினால் லாடக்காரரைத்தான் கூப்பிட்டார்கள். லாடம் அடித்தவரே ரத்தமும் இறக்கினார், மருந்தும் புகட்டினார். 1791இல் லண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1881ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெறாதவர் கால்நடை மருத்துவர் என்று பலகை மாட்டுவதைத்தான் தடுத்தது. வைத்தியம் பார்ப்பதை அல்ல. அதற்குப் பூட்டு 1948இல்தான் விழுந்தது, அதுவும் பழைய கைகள் சிலருக்கு விலக்கோடு. நடுவில் 67 ஆண்டுகள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு குதிரைக்காரர் தலையில்.

கைப்பழக்கம் போதாதா என்று கேட்கலாம். குளம்பைத் தட்டிப் பார்த்தே ஆணி தைத்த இடத்தைச் சொல்லும் லாடக்காரரை யார் குறைசொல்வது? ஆனால் முதுகு வலிக்கும் குதிரையும் பின்னங்கால் நோகும் குதிரையும் ஒரேபோல நடக்கக்கூடும். நோயைப் பிரித்தறியாமல் முதுகெலும்பை அழுத்துவது ஆபத்து. நோயுற்ற குதிரையின் முதுகை நீவ கால்நடை மருத்துவரின் ஒப்புதலை அந்நாட்டுச் சட்டம் இன்றும் கேட்பது அதனால்தான்.