மாஸ்கோ போகாத நம் காற்பந்துக் குழு: விளையாட்டில் அரசியல், ஒரு வரலாற்றுப் பார்வை



சென்ற பருவத்தில் என் படிவம் 5 மாணவர்களுக்கு ஒரு வாதக் கட்டுரை கொடுத்தேன். தலைப்பு: ‘விளையாட்டில் அரசியல் கலக்கலாமா?’ 23 கட்டுரைகள் வந்தன. 23 பேரும் ஒரே பதில்தான் எழுதியிருந்தார்கள்: கலக்கக் கூடாது. எடுத்துக்காட்டு என்று வந்தபோது பாதிப் பேர் நேராக அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். 2016-இல் நாட்டுப்பண் ஒலிக்கும்போது மண்டியிட்ட கோலின் கேப்பர்னிக்கைப் பற்றி எழுதியிருந்தார்கள். தவறு இல்லை. ஆனால் நம்ம நாட்டுச் சம்பவம் ஒன்றுகூட எந்தத் தாளிலும் இல்லை.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று பின்வரிசை மாணவன் ஒருவன் கேட்டான்: “டீச்சர், ‘ஓலா போலா’ படத்துல நம்ம டீம் ஜெயிச்சிடுச்சே, அப்புறம் ஏன் ஒலிம்பிக்ஸ் போகல?”

நான் கொடுத்த தலைப்பைவிட அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அன்றைக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

வென்றும் போகாத குழு

1980 ஏப்ரல் மாதம். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக் காற்பந்துக்கான தகுதிச் சுற்றில் கடைசி ஆட்டம், எதிரணி தென்கொரியா. மலேசியா 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங். பந்தை எடுத்துக் கொடுத்தவர் அதே சபாவின் ஹசான் சானி. குழுத்தலைவர் சோ சின் ஆன், தற்காப்பில் சந்தோக் சிங், கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தை எட்டிப் பிடிப்பதால் ஆறுமுகத்தை மக்கள் ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தார்கள்.

ஒலிம்பிக் காற்பந்தில் மலேசியா அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் ஆடியிருந்தது. 1972-இல் மியூனிக்கில் அமெரிக்காவை 3-0 என வென்றது. மாஸ்கோ இரண்டாவது வாய்ப்பு.

ஆனால் அதற்குள் உலக அரசியல் மாறிவிட்டிருந்தது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதைக் கண்டித்து மாஸ்கோ போட்டிகளைப் புறக்கணிக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் அழைப்பு விடுத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் போகவில்லை. அப்போது துன் உசேன் ஓன் பிரதமராக இருந்த மலேசியாவும் அவற்றில் ஒன்று. நம் இடத்தில் ஈராக் ஆடியது.

என் அப்பாவுக்கு அப்போது 22 வயது. பட்டர்வொர்த்தில் வேலை. அந்த ஆண்டைப் பற்றிக் கேட்டால் இன்றும் சொல்வார்: “ஜெயிச்ச அன்னிக்கு நாங்க யாருமே தூங்கலம்மா. போகலைன்னு தெரிஞ்சப்போ அதப்பத்தி யாரும் பேசவே இல்ல.”

அதற்குப் பிறகு இன்றுவரை நம் காற்பந்துக் குழு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. ஆறுமுகம் 1988-இல் ஒரு கார் விபத்தில் இறந்தார். அவருக்கு அப்போது 35 வயதுதான். ஒலிம்பிக் திடலில் அவர் ஒரு நாளும் நின்றதில்லை.

அரசாங்கத்தின் முடிவுக்குக் காரணம் இருந்தது. ஒரு வல்லரசு சிறிய நாட்டுக்குள் படையோடு நுழைந்தால், நம்மைப் போன்ற இன்னொரு சிறிய நாடு வாய் மூடி இருக்க முடியாது. அந்த நியாயத்தை மாணவர்கள் கட்டுரையில் கட்டாயம் எழுத வேண்டும். அதே பத்தியில் இன்னொன்றையும் எழுத வேண்டும்: விலை கொடுத்தவர்கள் அந்த ஆட்டக்காரர்கள். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது 1989-இல்தான்.

அதே மாஸ்கோ, வேறு வழிகள்

போவதா வேண்டாமா என்ற இரண்டு வழிதான் இருந்தது என்று நினைக்காதீர்கள். பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரும் போகக் கூடாது என்றார். ஆனால் அந்த நாட்டு ஒலிம்பிக் சங்கம் அதற்கு இணங்கவில்லை. பிரிட்டிஷ் வீரர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ் போட்டியிட்டார்கள். ஆலன் வெல்ஸ் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோது அவருடைய நாட்டுப்பண் ஒலிக்கவில்லை; ஒலிம்பிக் பண்தான் ஒலித்தது. நாட்டுப்பண் இல்லாமல் இருப்பதும் ஒரு வகை எதிர்ப்புதான். வீரர்களின் வாய்ப்பும் பறிபோகவில்லை.

இந்தியா மாஸ்கோவுக்குப் போனது. ஹாக்கிக் குழுவின் தலைவர் சென்னையில் வளர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் பெற்றார்கள். பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி போன்ற வலிமையான குழுக்கள் புறக்கணிப்பால் வரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தங்கம் தங்கம்தான். ஒரே ஆண்டில் ஒரு தமிழர் பதக்க மேடையில் நின்றார், இன்னொரு தமிழர் வீட்டில் இருந்தார். இருவரின் திறமையும் இதைத் தீர்மானிக்கவில்லை. இரண்டு அரசாங்கங்களின் முடிவுகள்தான் தீர்மானித்தன.

வீரரே முடிவெடுத்தபோது

மாணவர்கள் விரும்பி எழுதும் நாட்டுப்பண் எதிர்ப்புக்கு இப்போது வருவோம். கேப்பர்னிக்குக்கு 48 ஆண்டுகள் முன்பே இது நடந்திருக்கிறது. 1968 அக்டோபர் 16, மெக்சிகோ ஒலிம்பிக், 200 மீட்டர் ஓட்டம். முதலிடம் பெற்ற டோமி ஸ்மித்தும் மூன்றாமிடம் பெற்ற ஜான் கார்லோசும் காலணி இல்லாமல், கறுப்புக் காலுறையோடு மேடை ஏறினார்கள். அமெரிக்க நாட்டுப்பண் ஒலிக்கும்போது தலைகுனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினார்கள். தங்கள் நாட்டில் கறுப்பின மக்கள் படும் துன்பத்தை உலகம் பார்க்கட்டும் என்பதே நோக்கம். இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இரண்டாமிடம் பெற்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர் கை உயர்த்தவில்லை. அவர்களுக்கு ஆதரவாக மனித உரிமைச் சின்னம் ஒன்றை நெஞ்சில் குத்திக்கொண்டார். 1972 ஒலிம்பிக்குக்கு ஆஸ்திரேலியா அவரை அனுப்பவில்லை. 2006-இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஸ்மித்தும் கார்லோசும் இருந்தார்கள். 2012-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. கேட்க அவர் உயிரோடு இல்லை.

கேப்பர்னிக்குக்கும் இதே கதைதான். 2016 பருவத்துக்குப் பிறகு எந்தக் குழுவும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. இவர்கள் எல்லோரும் தாங்களே முடிவெடுத்தார்கள், அதற்கான விலையையும் தாங்களே கொடுத்தார்கள். 1980-இல் நம் ஆட்டக்காரர்களுக்கு விலை மட்டும்தான் கிடைத்தது.

புறக்கணிப்பு பலன் தந்த இடம்

அப்படியானால் அரசாங்கம் தலையிடுவதே தவறா? அப்படியும் சொல்லிவிட முடியாது. தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1960-இல் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டுப் பலர் இறந்த பிறகு, காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் இன ஒதுக்கலை எதிர்த்து உரக்கக் குரல் கொடுத்தவர் நம் துங்கு அப்துல் ரஹ்மான். மறு ஆண்டே தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. 1964 முதல் ஒலிம்பிக்கிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிச் சுற்றுக்கு இந்தியா தகுதி பெற்றது. குழுவின் முதுகெலும்பு சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும். எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. ஆடாமலேயே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அந்தச் சகோதரர்களுக்கும் அது பெரிய இழப்புதான். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. பல நாடுகள், பல விளையாட்டுகளில், பல ஆண்டுகள் ஒரே நிலையில் உறுதியாக நின்றன. இன ஒதுக்கல் முறை தகரத் தொடங்கிய பிறகு, 1992 பார்சிலோனாவில்தான் தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. அந்த முறை வீழ்ந்ததற்கு விளையாட்டுப் புறக்கணிப்பு மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அதுவும் ஒரு காரணம் என்று எழுதுங்கள்.

தேர்வுக்கு

‘விளையாட்டும் அரசியலும்’ பற்றி எழுதும்போது ‘கலக்கலாமா, கூடாதா’ என்று தொடங்கினால் கட்டுரை இரண்டு பத்தியில் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, எந்தச் சம்பவத்தை எடுத்தாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. முடிவெடுத்தவர் யார்? வீரரா, சங்கமா, அரசாங்கமா?
2. வீரரின் கருத்தைக் கேட்டார்களா?
3. இழந்தவர் யார்?
4. நோக்கம் நிறைவேறியதா?

இந்த நான்கிலேயே உங்கள் கருத்தும் எதிர்க்கருத்தும் கிடைத்துவிடும்.

சட்டம் பற்றியும் இரண்டு குறிப்புகள். ஒலிம்பிக் சாசனத்தின் 50-ஆவது விதி, போட்டி நடக்கும் இடங்களில் அரசியல், சமய, இனப் பரப்புரையைத் தடை செய்கிறது. 2021-இல் இது சற்றுத் தளர்த்தப்பட்டது. ஆனால் பதக்க மேடையில் இன்னும் அனுமதி இல்லை. நம் நாட்டில் 1968-ஆம் ஆண்டு தேசியப் பண் சட்டம் உண்டு. ‘நெகாராகூ’ ஒலிக்கும்போது எழுந்து நேராக நிற்க வேண்டும்; வேண்டுமென்றே அவமதித்தால் 100 ரிங்கிட் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஆகவே ‘நம் வீரர்களும் மண்டியிட வேண்டும்’ என்று ஆர்வத்தில் எழுதிவிடாதீர்கள். வேறு நாட்டில் நடந்ததை அந்த நாட்டுச் சூழலில் வைத்தே ஆராயுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் ‘ஓலா போலா’ போட்டுக் காட்டினால், படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். அது உண்மைச் சம்பவத்தைத் தழுவிய கற்பனை என்பதையும், உண்மையான ஆட்டக்காரர்களின் பெயர்களையும் சொல்லுங்கள். சோ சின் ஆன், சந்தோக் சிங், ஜேம்ஸ் வோங், ஹசான் சானி, ஆறுமுகம். இந்தப் பெயர்களைப் பலகையில் எழுதிப் போடுங்கள். அடுத்த முறை நம் பிள்ளைகள் எடுத்துக்காட்டு தேடி அமெரிக்காவரை போக வேண்டியிருக்காது.