கிராமக் கணினி மையம்: கருவி, விலை, பயன்

ஊருக்குப் பொதுவான ஓர் அறையில் கணினி, அச்சுப்பொறி, தொடர்புக் கருவி, மின்சேமிப்பு ஆகியவற்றை வைத்து, தகவலும் அரசுச் சேவையும் மக்களுக்குக் கிடைக்கச் செய்யும் அமைப்பே கிராமக் கணினி மையம். இந்தியாவில் இதை முதலில் செய்து பார்த்த இடங்களில் ஒன்று புதுச்சேரியின் வில்லியனூர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மைய நிதியுதவியுடன், 1998-இல் இங்கே தகவல் கிராம ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையமும் கீழூர், எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு முதலிய ஊர்களில் கிளை மையங்களும் அமைந்தன. கொடுக்கும் காசுக்கு எந்தக் கருவி அதிகம் உழைக்கும் என்ற கேள்விக்கு, கடையில் கிடைக்காத சில விடைகளை இம்மையங்கள் தந்தன.

அளக்கும் முறைகள்

கணினி வாங்குபவர் பொதுவாகப் பார்ப்பவை நான்கு: செயலியின் வேகம், நினைவகம், சேமிப்பு, விலை. சென்னை ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிக் கோத்த கணினியா, நிறுவன முத்திரையுடன் வரும் கணினியா என்ற விவாதம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நெடுநாள் நடந்தது. அதே காசுக்குக் கூடுதல் வேகம் முதல் வகையில் கிடைக்கும். உத்தரவாதமும் வீடு தேடி வரும் பழுதுநீக்கமும் இரண்டாம் வகையில் கிடைக்கும்.

வேகத்தை மட்டும் அளக்க 1988-இல் ஸ்பெக் என்ற அமைப்பு உருவானது. அதே ஆண்டில் தோன்றிய டிபிசி இன்னொரு படி மேலே சென்றது. அதன் புகழ்பெற்ற டிபிசி-சி அளவீட்டில், கணினி நிமிடத்துக்கு எத்தனை பரிவர்த்தனைகளை முடிக்கிறது என்பதோடு, அந்த எண்ணிக்கையில் ஒன்றுக்கு எவ்வளவு செலவு என்பதையும் வெளியிட வேண்டும். அந்தச் செலவில் வாங்கிய விலையோடு சில ஆண்டுகளுக்கான பராமரிப்புக் கட்டணமும் சேரும். பெரிய வணிகக் கணினிகளுக்காக வகுத்த இந்தக் கணக்கு கிராமத்து மையத்துக்கும் பொருந்தும். ஆனால் இங்கே வகுக்கும் எண் பரிவர்த்தனையல்ல, பயனடைந்த ஆட்கள்.

1998-இன் அமைப்பு

அன்று ஒரு மேசைக் கணினி வாங்க நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய் ஆகும். கணினியை வாங்கிவிட்டாலும் அதற்குத் தகவல் கொண்டுவர வழி வேண்டும். தொலைபேசிக் கம்பி எல்லா ஊருக்கும் ஒழுங்காக எட்டவில்லை; எட்டிய இடத்திலும் இணைப்பு நிலைக்கவில்லை. ஆகவே திட்டக்காரர்கள் வயர்லெஸ் கருவிகளை நாடினார்கள். காவல்துறை பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த விஎச்எஃப் வானொலிக் கருவியைக் கணினியோடு இணைத்து, அதன் வழியே கோப்புகளை அனுப்பினார்கள். வில்லியனூரில் மட்டும் தொலைபேசி வழியாக இணையமும் மின்னஞ்சலும். அங்கே திரட்டித் தமிழில் தொகுத்த செய்தி வானொலி அலையில் ஊர்களுக்குப் போனது.

வேகத்தில் இந்த ஏற்பாடு தொலைபேசி மோடத்தோடு போட்டி போட முடியாது. ஆனால் நெல் விலை, உரக் கையிருப்பு, மருத்துவர் வரும் நாள், அரசு நலத்திட்டப் பட்டியல் எல்லாம் சிறிய எழுத்துக் கோப்புகள்தான். அவற்றுக்கு அந்த வேகமே போதும். மாதக் கட்டணம் இல்லை, கம்பி அறுந்து போவதும் இல்லை. கோப்பு வராவிட்டால் அதே கருவியை எடுத்து வில்லியனூரைக் கூப்பிட்டு வாய்மொழியாகவும் கேட்டுக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டுக்கு 1999-இல் மோட்டோரோலா தங்க விருதும், 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் கிடைத்தன.

செலவைக் குறைத்த இன்னொரு காரணம் ஊரின் பங்கு. இடத்தை ஊர் தர வேண்டும். சாதி பார்க்காமல் எல்லோரையும் உள்ளே விட வேண்டும். நடத்துவதற்குத் தன்னார்வலர்களை அனுப்ப வேண்டும். எம்பலத்தில் கோயிலை ஒட்டிய அறையில் மையம் இயங்கியது. அங்கு கணினியைக் கையாண்டவர்கள் பெண்கள். ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழ் எழுத்துருவைக் கொண்டு அவர்கள் தட்டச்சு செய்யப் பழகினார்கள்.

கரண்ட் கணக்கு

விலைப்பட்டியலில் வராத பெருஞ்செலவு மின்சாரம். கண்ணாடிக் குழாய்த் திரை கொண்ட அக்காலக் கணினி ஒன்று 100 முதல் 150 வாட் வரை இழுக்கும். சிறிய யூபிஎஸ்களில் இன்றும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிதான். ஏட்டுக் கணக்கில் அது 84 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியை வேகமாக இறக்கினால் பாதியளவுதான் கைக்கு வரும். ஆக, பழைய கணினி கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம் தாங்கும். எல்இடி திரையும் சிறு கணினியும் சேர்ந்து 40 வாட்டில் ஓடும் இன்றைய அமைப்பு அதே பேட்டரியில் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஓடும்.

கரண்ட் போனால் மணிக்கணக்கில் வராத ஊருக்கு யூபிஎஸ் மட்டும் போதாது. அதனால் வில்லியனூர் வட்டார மையங்களில் மின்துறை மின்சாரத்தோடு சூரியத் தகடுகளையும் சேர்த்தார்கள். முதலீடு கூடியது உண்மை. ஆனால் பகலில் பாதி நேரம் அணைந்து கிடக்கும் கணினிக்குப் போட்ட காசில் பாதி வீண் என்பதால், தகட்டுக்கான செலவையும் கணினியின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது.

ஒலிபெருக்கி என்ற உறுப்பு

கடலோர வீராம்பட்டினத்தில் வேறுவிதமான தேவை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வங்கக் கடலின் அலை உயர முன்கணிப்பை வெளியிட்டு வந்தது. வில்லியனூரில் அதை இறக்கித் தமிழாக்கி அனுப்புவார்கள். மீனவர் யாரும் கணினி முன் உட்கார வேண்டியதில்லை. மையத்துக்கு வெளியே கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஒலிக்கும். கரையில் வலையைச் சரிசெய்பவர்களும் படகைத் தள்ளுபவர்களும் கேட்டுக்கொள்வார்கள். கணினி விலையில் சிறு பங்கே ஆகும் அந்த ஒலிபெருக்கி, ஒருவர் பார்க்கும் திரையை ஊரே கேட்கும் கருவியாக்கியது.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் இதன் மதிப்பு தெரிந்தது. சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசினார். உடனே மையத்தின் ஒலிபெருக்கி வழியாக எச்சரிக்கை கொடுக்கப்பட்டு, மக்கள் கரையை விட்டு வெளியேறினார்கள்.

மலிவுக் கணினி முயற்சிகள்

கருவியின் விலையையே இறக்கினால் என்ன என்று முயன்றவர்களும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் உருவாக்கிய சிம்பியூட்டர் என்ற கையடக்கக் கருவிக்கு 9,000 ரூபாய் இலக்கு. ஸ்மார்ட் அட்டையைச் செருகினால் அவரவர் விவரம் திறக்கும். ஒரே கருவியை ஊரார் பலரும் பகிரலாம் என்பது திட்டம். 2004-இல் சந்தைக்கு வந்தும் விற்பனை பெரிதாக எழவில்லை.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை வடிவமைத்தார்கள். அதைக் கொண்டு என்-லாக் நிறுவனம், கணினி, ஆன்டெனா, அச்சுப்பொறி, வெப் கேமரா, பேட்டரி, தமிழ் மென்பொருள் எல்லாம் சேர்த்துச் சுமார் 50,000 ரூபாய்க்கு ஒரு தொகுப்பைக் கொடுத்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் இத்தகைய மையங்கள் இயங்கின. வில்லியனூர் மையங்கள் ஊர்ப் பொதுச் சொத்து. மேலூரில் நடத்துபவர் கடனை அடைக்கும் தொழில்முனைவோர். எனவே அங்கே தட்டச்சு, புகைப்படம், கணினிப் பயிற்சி எனக் காசு வரும் வேலைகள் முன்னுக்கு வந்தன.

புதுச்சேரி சேதராப்பட்டில் ஆலை நடத்திய எச்சிஎல் நிறுவனம், 2005-இல் 9,990 ரூபாய்க்கு ஒரு மேசைக் கணினியை அறிமுகம் செய்தது. வியா நிறுவனத்தின் 1 கிகாஹெர்ட்ஸ் செயலி, 128 எம்பி நினைவகம், லினக்ஸ் இயங்குதளம். விண்டோஸ் உரிமத்துக்கான காசு மிச்சமானதும் விலை இறங்கியதற்கு ஒரு காரணம். 2011 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆகாஷ் டேப்லட் இன்னும் மலிவு: 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், அழுத்தினால்தான் இசையும் தொடுதிரை. மந்தமான வேகமும் சீக்கிரம் இறங்கும் பேட்டரியும் அதன் பெயரைக் கெடுத்தன. அடுத்த ஆண்டே 1 கிகாஹெர்ட்ஸ் செயலியும் நல்ல தொடுதிரையுமாக இரண்டாம் பதிப்பு வந்தது.

பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் எதிர்த்திசையில் சென்றது. பள்ளியில் ஒரே கணினியைச் சூழ்ந்து உட்காரும் பிள்ளைகளில் ஒருவர் மட்டுமே மவுஸைப் பிடித்திருப்பதைக் கண்டு, ஒரு கணினிக்குப் பல மவுஸ்களை மாட்டும் முறையை 2006-இல் முன்வைத்தது. கூடுதல் செலவு மவுஸ்களுக்கு மட்டும். மகாராஷ்டிரத்தின் வாரணா கரும்புக் கூட்டுறவில் கணினிகளையே எடுத்துவிட்டுக் குறுஞ்செய்தி முறையைப் புகுத்தியதும் அதே ஆய்வகம்தான். விவசாயிகள் அங்கே கேட்டது தங்கள் கரும்பின் எடையையும் உரக் கணக்கையும்தான். அதற்கு ஒரு செல்பேசி போதுமானதாக இருந்தது.

இன்றைய ஒப்பீடு

மத்திய அரசு 2006-இல் ஒப்புதல் அளித்த பொதுச் சேவை மையத் திட்டத்துக்குப் பின், வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களில் மக்கள் தேடும் சேவை மாறிவிட்டது. விலை நிலவரமும் அலை உயரமும் செல்பேசிக்கே வருகின்றன. மையத்துக்கு வருபவர் சான்றிதழ் விண்ணப்பம், ஆதார் வழிப் பணம் எடுத்தல், தேர்வு விண்ணப்பம், அச்சு ஆகியவற்றுக்காக வருகிறார்.

இந்த வேலைகளுக்குச் செயலியை உயர்த்துவதைவிட, சேமிப்பை மாற்றுவதே காசுக்கேற்ற பலன் தரும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு, சிதறிக் கிடக்கும் ஒரு தரவைத் தேடியெடுக்க ஏறத்தாழ 13 மில்லிநொடி எடுக்கும். எஸ்எஸ்டிக்கு அது 0.1 மில்லிநொடி அளவே. பழைய கணினியில் 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் போட்டால், வரிசையில் நிற்பவர் காத்திருக்கும் நேரம் கண்கூடாகக் குறையும்.

அச்சுப்பொறியில் பார்க்க வேண்டியது ஒரு பக்கத்துக்கான செலவு. மலிவாகக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் வகை, சில நூறு பக்கங்களில் மறு கார்ட்ரிட்ஜ் கேட்கும். மைத்தொட்டி வகைக்கு முதலில் கூடுதல் விலை. ஆனால் ஒரு கறுப்பு மைப் புட்டியில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரும். வாரக்கணக்கில் அச்சிடாமல் வைத்தால் மைத்துளை காய்ந்து அடைத்துக்கொள்வது அதன் குறை. விட்டு விட்டு அச்சிடும் இடத்துக்கு லேசரே தோது.

பெருநிறுவனங்கள் கழித்துவிடும் செகண்ட் ஹேண்ட் கணினிகள்தான் பல மையங்களுக்குக் கட்டுப்படியாகும் வழி. அதிலும் ஒரு கோடு விழுந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் இதனால் மலிந்தாலும், அவற்றில் விரல்ரேகைக் கருவியை வைத்துப் பணப் பரிமாற்றம் செய்ய நினைப்பவர் யோசிக்க வேண்டும். லினக்ஸ் போட்டால் உரிமச் செலவு இல்லை. சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழ் வசதியும் உண்டு. வாங்கும் விரல்ரேகைக் கருவிக்கும் ஸ்கேனருக்கும் லினக்ஸ் ட்ரைவர் இருக்கிறதா என்பதை மட்டும் பணம் கொடுக்கும் முன் கேட்டுவிட வேண்டும்.