எரிந்தும் அழியாத மொழி

வல்ட்டாவா ஆற்றங்கரையிலே, குன்றின்மீது கோட்டை கொலுவீற்றிருக்க, நூறு கோபுரங்கள் நிமிர்ந்து நிற்க, காண்போர் கண்ணைக் கவரும் கோநகரம் பிராக்! செக் மக்களின் தலைநகரம். நான்காம் சார்லஸ் மன்னன் 1357-இல் அடிக்கல் நாட்டிய கற்பாலம் அங்கே உண்டு. 1410-இல் அமைந்த வானியல் கடிகாரமும் உண்டு. பின்னாளில் அதில் பொருத்தப்பட்ட எலும்புக்கூடு ஒன்று மணிதோறும் கயிற்றை இழுத்து மணியடிக்கும். கருமியின் பொம்மையோ, சாவுக்கு இசையமாட்டேன் என்று தலையசைக்கும். கூட்டம் கூடிநின்று களிக்கிறது. களிக்கட்டும்! ஆனால், கற்களைக் கண்ட நாம், அக்கற்களுக்கு அடியிலே கிடக்கும் கதையையும் கேட்க வேண்டாமா?

கோயில்களிலே இலத்தீன் ஆட்சி செய்த காலம் அது. பாமரனுக்குப் புரியாத மொழியிலே பரமனிடம் பேசினர் குருமார்கள். அந்நாளில், 1391-இல், செக் மொழியிலேயே அறவுரை நிகழ்த்துவதற்கென்று பிராக் நகரில் எழுந்தது பெத்லெகேம் மண்டபம். 1402 முதல் அங்கே முழங்கினார் ஜான் ஹஸ். பாவமன்னிப்பைக் காசுக்கு விற்பதா என்று கேட்டார். கேட்ட குற்றத்துக்குக் கான்ஸ்டன்ஸ் நகருக்கு அழைத்தனர். தீங்கு நேராது என்று அரசன் சிகிஸ்மண்ட் உறுதிச்சீட்டு அளித்தான். சீட்டு இருந்தது, உறுதிதான் இல்லை! 1415 சூலை 6-ஆம் நாள் ஹஸ் உயிரோடு எரிக்கப்பட்டார். சாம்பலையும் ரைன் ஆற்றிலே கரைத்தனர். கருத்தைக் கரைக்க முடிந்ததா? ஏர் பிடித்த கைகள் படைக்கலம் ஏந்தின. ஏவப்பட்ட சிலுவைப் படைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றோடின.

ஆயினும் 1620-இல் வெள்ளை மலைப் போரில் வீழ்ச்சி வந்தது. மறு ஆண்டு சூன் 21-இல், பழநகர்ச் சதுக்கத்திலே 27 தலைவர்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் பன்னிருவர் தலைகள் பாலத்துக் கோபுரத்திலே தொங்கவிடப்பட்டன. இன்றும் அச்சதுக்கத்தின் தரையிலே 27 வெண்சிலுவைகளைக் காணலாம். அதன்பின் அரசு மன்றத்திலும் கல்விக்கூடத்திலும் செர்மன் மொழி ஓங்கியது. செக் மொழி, உழவன் குடிசையிலும் ஊர்ச் சந்தையிலும் ஒதுங்கி வாழ்ந்தது.

ஒதுங்கியது, ஒழியவில்லை! 1834 முதல் 1839 வரை யுங்மன் எனும் அறிஞர் ஐந்து தொகுதிகளாகச் செக்-செர்மன் அகராதியை வெளியிட்டார். தம் மொழிக்கென ஒரு தேசிய நாடக மன்றம் வேண்டுமென மக்கள் காசு திரட்டினர். 1868-இல் அடிக்கல், 1881 சூனில் திறப்பு விழா, ஆகஸ்டிலே தீ விபத்து! அழுது நின்றனரா? மீண்டும் உண்டியல் ஏந்தினர். 47 நாட்களில் பத்து இலட்சம் கில்டர் குவிந்தது! 1883-இல் மன்றம் மீண்டும் திறந்தது. தமக்குத் தாமே அளித்த பரிசு அது என்பதை உணர்த்தும் சொற்கள், மேடைக்கு மேலே பொன்னெழுத்தில் மிளிர்கின்றன.

1915-இல், ஹஸ் எரிக்கப்பட்டு ஐந்நூறு ஆண்டு நிறைந்தபோது, அதே சதுக்கத்தில் அவர் சிலை எழுந்தது. மூன்றே ஆண்டுகளில், 1918-இல், ஆப்சுபர்க் பேரரசு சரிந்தது. பிராக் விடுதலை நாட்டின் தலைநகரானது. எரித்த அரசனின் பெயரை ஏட்டிலே தேடவேண்டியிருக்கிறது. எரிந்தவரோ நகரின் நடுவிலே நிமிர்ந்து நிற்கிறார். மக்கள் நாவிலே வாழும் மொழியை மன்னர் ஆணை மாய்க்காது என்பதற்குப் பிராக் நகரைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும் நமக்கு?