தொற்றுக் காலத்துத் தொட்டில்கள்

கெடாத் தோட்டங்களில் தாய்மார் பிரட்டுக்குப் புறப்படுமுன் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலம் ஒன்றுண்டு. பால்வெட்டு முடிந்ததும் குழந்தை மடிக்குத் திரும்பிவிடும். அப்பிரிவுக்கோர் எல்லை இருந்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின் நேர்ந்த பிரிவு வேறு வகையினது.

குறைமாதத்தில் பிறந்த சிசு சுங்கைப்பட்டாணி மருத்துவமனையில். பெற்றோரோ கோலக்கெட்டிலிலோ பாடாங் செராயிலோ. இடைவழியோ ஆணை வகுத்த 10 கிலோமீட்டரைக் கடந்தது. சாலைத் தடுப்பில் காவலரிடம் காரணம் கூற வேண்டும். அதைத் தாண்டினாலும் நோயாளியைக் காண்போர்க்கான கட்டுப்பாடு காத்திருந்தது. தந்தையையும் ‘பார்வையாளர்’ கணக்கில் சேர்த்ததே இடரின் வேர் என்பேன்.

தொற்றைத் தடுக்க வேண்டியதில் ஐயமில்லை. ஆயினும் சிசுவைப் பிரிந்த தாய்க்குப் பால் சுரப்பு குன்றும். எடை குறைந்த சிசுவுக்குத் தாயின் மார்புச் சூடே மருந்து. கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவர் 1978இலேயே இம்முறையைத் தொடங்கினர். கோவிட் காலத்திலும் தாயையும் சேயையும் பிரிக்க வேண்டாமென்றே உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. இவ்வணைப்பு எங்கும் கிட்டுமாயின் 125,000க்கு மேற்பட்ட சிசுக்கள் பிழைக்கும் என்று 2021 மார்ச்சில் வெளிவந்த அதன் ஆய்வு கணித்தது. அதற்குள் நம் நாட்டில் கட்டுப்பாடு தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது.